ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள்

அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்றால் வயதானவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கிற இல்லம். அதைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஸ்டார்?" என்றுதான். முன்னாள் ராணுவத்தினருக்கான இல்லம் என்றால் அதைக்கூடக் கேட்பதில்லை. வாசலில் கொடிக்கம்பம், உள்ளே நுழைந்ததும் படைப்பிரிவுகளின் சின்னங்கள், சுவர் நிறைய சீருடைப் படங்கள். இதையெல்லாம் பார்த்ததுமே மனசு இளகிவிடுகிறது, நாட்டுக்காகப் போனவர்களை இங்கே நன்றாகத்தான் வைத்திருப்பார்கள் என்று நம்பிவிடுகிறோம். நான் அமெரிக்காவில், நியூஜெர்சியில், பார்மசிஸ்ட். நர்சிங் ஹோமில் தங்கியிருக்கிற ஒவ்வொருவருடைய மருந்துப் பட்டியலையும் மாதம் ஒரு முறையாவது ஒரு பார்மசிஸ்ட் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது இங்கே மத்திய அரசு விதி, அந்த வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதைவிட நர்ஸ் மேசைக்குப் பின்னால் கோப்புகளோடு உட்கார்ந்து பார்ப்பதுதான் எனக்குப் பழக்கம்.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு இடம் பார்க்க வேண்டி வந்தது. வியட்நாம் போனவர், எண்பதை நெருங்குகிறார், வெகுகாலமாகப் பார்கின்சன் நோய், இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. ராத்திரியில் கத்திக்கொண்டு எழுந்திருக்கிறார், அவரைத் தூக்கி உட்காரவைக்க அவர் மனைவிக்கு உடம்பில் தெம்பு இல்லை, மகள் இருப்பதோ நாட்டின் அந்தக் கோடியில். ஒருநாள் அந்த அம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: "நீ போகிற இடங்களில் எதில் உன் அப்பாவை விடுவாய்? அதை மட்டும் சொல்." யோசித்துப் பார்த்தால் பதில் சட்டென்று வரவில்லை. அந்தப் பதிலைத் தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அமெரிக்கர்களைக் கல்யாணம் செய்துகொண்ட நம் பிள்ளைகளுக்கு, இங்கேயே ராணுவத்தில் சேர்ந்த நம் பிள்ளைகளுக்கு, இது என்றைக்காவது தேவைப்படும்.

முதலில், "வெட்டரன்ஸ் ஹோம்" என்று எல்லோரும் பொதுவாகச் சொல்வது மூன்று வேறு வேறு சமாச்சாரங்கள். வி.ஏ. என்கிற முன்னாள் ராணுவத்தினர் துறை தானே நடத்துகிற இல்லங்கள் ஒரு வகை, நாடு முழுக்க 130க்கு மேல் இருக்கின்றன. மாநில அரசுகள் நடத்துவது இரண்டாவது வகை, அதில் வி.ஏ. ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும், வருடத்துக்கு ஒரு முறை ஆய்வுக்கு ஆள் அனுப்பும். மூன்றாவது, வி.ஏ. ஒப்பந்தம் போட்டிருக்கிற சாதாரண தனியார் நர்சிங் ஹோம்கள். வி.ஏ. பணம் கொடுக்கும் நர்சிங் ஹோம் படுக்கைகளில் கிட்டத்தட்ட பாதி மாநில இல்லங்களில்தான் இருக்கின்றன. மாநில இல்லத்தில் குறைந்தது 75 சதவீதம் பேர் முன்னாள் ராணுவத்தினராக இருக்க வேண்டும், மீதி இடத்தில் மனைவியோ கணவரோ சேரலாம், ராணுவப் பணியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் சேரலாம்.

இந்த மூன்றுக்கும் ஆய்வு செய்கிறவர்கள் வேறு, முடிவு வெளியாகும் இடமும் வேறு. இதுதான் முதல் சிக்கல். மெடிகேர் என்கிற முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீட்டின் தளத்தில் "கேர் கம்பேர்" என்று ஒரு பக்கம் இருக்கிறது, அங்கே ஊர் பெயரைப் போட்டால் நர்சிங் ஹோம்கள் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்ற மதிப்பெண்ணோடு வரிசையாக வரும். ஆனால் மெடிகேர் அல்லது மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) சான்று வாங்கியவை மட்டும்தான் வரும். சில மாநில இல்லங்கள் அந்தச் சான்றே வாங்காதவை, அவை அங்கே இருக்காது. வி.ஏ. சொந்த இல்லங்களுக்கும் தனியாக நட்சத்திரக் கணக்கு உண்டு, அதை வருடக்கணக்காக உள்ளேயே வைத்திருந்தார்கள். 2018இல் பாஸ்டன் குளோப், யூஎஸ்ஏ டுடே இரண்டும் அதைத் தோண்டி எடுத்த பிறகுதான் பொதுவில் போட்டார்கள். 2017 கடைசியில் 60 இல்லங்கள் ஒற்றை நட்சத்திரத்தோடு இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. மாநில இல்லங்கள் விஷயம் இன்னும் மோசம். அரசுத் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2019இல் ஓர் அறிக்கை கொடுத்தது: மாநில இல்லங்களை ஆய்வு செய்யும் ஒப்பந்தக்காரர்கள் சில தவறுகளைக் குறைபாடு என்று எழுதாமல் வெறும் "பரிந்துரை" என்று எழுதிவிட்டுப் போக வி.ஏ. விட்டிருக்கிறது, அந்த இல்லங்களின் தர விவரம் அப்போது வி.ஏ. தளத்திலும் இல்லை. ஆக, அதிகம் பேர் இருக்கிற வகையைப் பற்றித்தான் குறைவாகத் தெரிந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் இது வெறும் அறிக்கை விஷயம் இல்லை. எடிசனில் ஓக் ட்ரீ சாலையில் நாம் மசால் தோசை சாப்பிடுகிறோமே, அந்த எடிசனில்தான் மென்லோ பார்க் மாநில ராணுவ நினைவு இல்லம் இருக்கிறது. 2020 கொரோனாவில் அங்கேயும் பராமஸில் இருக்கிற அதன் சகோதர இல்லத்திலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 2021 டிசம்பரில் மாநில அரசு 119 குடும்பங்களுக்கு 5.3 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2023 செப்டம்பரில் மத்திய நீதித் துறை, இந்த இரண்டு இல்லங்களிலும் தொற்றுத் தடுப்பும் மருத்துவக் கவனிப்பும் அரசியல் சாசன உரிமையையே மீறும் அளவுக்கு மோசம் என்று எழுதியது. கொரோனா அலை அடங்கிய பிறகும் குறைகள் தொடர்ந்தன என்பதுதான் அதில் என்னை உலுக்கியது. நோய் புதிது, யாருக்கும் தெரியவில்லை என்ற சமாதானம் அதற்குமேல் செல்லாது இல்லையா.

மாசச்சூசெட்ஸில் ஹோலியோக் ராணுவ இல்லத்தின் கதை இன்னும் பாடம் சொல்கிறது. 2020 மார்ச் கடைசியில் மறதி நோயாளிகள் இருந்த இரண்டு பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள், தொற்று வந்தவர்களையும் வராதவர்களையும் நெருக்கியடித்து ஒரே இடத்தில். குறைந்தது 76 பேர் இறந்தார்கள். ஏன் சேர்த்தார்கள்? இரண்டு பிரிவுக்கும் போட ஆள் இல்லை. நோய்தான் கொன்றது, ஆனால் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது வருகைப் பதிவேடு. அந்த இல்லத்தின் தலைவர் ராணுவத்தில் நல்ல பதவியில் இருந்தவர், ஆனால் நர்சிங் ஹோம் நடத்தும் உரிமமோ அனுபவமோ அவருக்கு இல்லை. மாநிலச் சட்டம் அப்போது அதைக் கேட்கவும் இல்லை, 2022இல்தான் மாற்றினார்கள். அதனால் எந்த ராணுவ இல்லத்துக்குப் போனாலும் நான் கேட்கச் சொல்கிற முதல் கேள்வி இதுதான்: நிர்வாகிக்கு நர்சிங் ஹோம் நிர்வாக உரிமம் இருக்கிறதா, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார்? மார்பில் பதக்கம் குத்தியவராக இருப்பது நல்ல விஷயம்தான், ஆனால் புண் வராமல் ஆளைப் புரட்டிப்போட ஏற்பாடு செய்வது வேறு வித்தை.

சரி, நட்சத்திரத்துக்கு வருவோம். அதைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை, பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். மொத்த மதிப்பெண் மூன்றால் ஆனது: ஆய்வாளர்கள் நேரில் வந்து கண்டது, ஊழியர் அளவு, தர அளவீடுகள். கடைசியில் சொன்னதில் பெரும்பகுதி இல்லம் தானே நிரப்பித் தருகிற படிவங்களிலிருந்து வருவது. பரீட்சை எழுதின பையனே திருத்தி மார்க் போட்டுக்கொள்கிற மாதிரி. 2025இல் மத்திய சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் கணக்குப் பார்த்ததில், கீழே விழுந்து பலத்த காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்களில் 43 சதவீதத்தை நர்சிங் ஹோம்கள் படிவத்தில் காட்டவே இல்லை என்று தெரிந்தது. ஆய்வு மதிப்பெண்ணோ மாநிலத்துக்குள் ஒப்பிட்டுப் போடுவது. முதல் 10 சதவீதத்துக்கு 5 நட்சத்திரம், கடைசி 20 சதவீதத்துக்கு 1 நட்சத்திரம், மீதி நடுவில். எல்லாமே சுமாராக இருக்கிற மாநிலத்திலும் யாரோ சிலருக்கு ஐந்து கிடைத்தே தீரும்.

நான் நம்புவது நடுவில் இருக்கிற ஊழியர் கணக்கைத்தான். 2018 முதல் அது சம்பளப் பட்டியலிலிருந்து வருகிறது, கதை விடுவது கஷ்டம். 2022 முதல் வார இறுதி அளவையும், வருடத்தில் எத்தனை சதவீதம் பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதையும் காட்டுகிறார்கள். இந்த இரண்டு எண்ணையும் பாருங்கள், அப்புறம் மற்றது. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில் உங்கள் அப்பாவுக்கு இடது காது கேட்காது என்பது யாருக்கும் தெரியாது, எவ்வளவு நல்ல மனசுக்காரர்களாக இருந்தாலும்.

ஒருவருக்கு நாளுக்கு எத்தனை மணி நேரக் கவனிப்பு என்பதுதான் அளவுகோல். 2001இல் மத்திய அரசுக்காகச் செய்த ஓர் ஆய்வு 4.1 மணி நேரம் வேண்டும் என்றது. 2024இல் 3.48 என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள், 2025 ஏப்ரலில் டெக்ஸஸ் மத்திய நீதிமன்றம் ஒன்று அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. மாநில ராணுவ இல்லங்களுக்கு வி.ஏ. வைத்திருக்கிற குறைந்தபட்சம் எவ்வளவு தெரியுமா? 2.5 மணி நேரம். ஆகவே "வி.ஏ. தரத்தைப் பூர்த்தி செய்கிறோம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு, உண்மையான எண் என்ன என்று கேளுங்கள். நியூஜெர்சியில் மாநிலச் சட்டப்படி பகலில் 8 பேருக்கு ஒரு எய்ட் (குளிப்பாட்ட, ஊட்டிவிட இருக்கிற உதவியாளர்), மாலையில் 10 பேருக்கு ஒருவர், ராத்திரியில் 14 பேருக்கு ஒருவர். இது எழுத்தில். அன்றன்றைக்கு எந்த ஷிப்டில் எத்தனை பேர் என்று வருகிறவர்கள் கண்ணில் படும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்பதும் விதி. வரவேற்பு மேசை பக்கத்திலோ லிப்ட் அருகிலோ ஒரு சின்ன அட்டை இருக்கும், யாரும் படிப்பதில்லை. தேதியைப் பாருங்கள். போன வாரத்துத் தேதியோடு தொங்கினால் அதுவும் ஒரு தகவல்தான்.

அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் போகச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு போனால் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும், நிர்வாகி இருப்பார், பிஸியோதெரபிஸ்ட் இருப்பார், யாராவது பியானோகூட வாசிப்பார்கள். ஞாயிறு சாயங்காலம் நிர்வாகம் முழுக்க வீட்டில் இருக்கும். ஊட்டிவிட வேண்டியவர்கள் எத்தனை பேர், ஊட்ட எத்தனை பேர், ஊட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடியே நாலு பேருக்கு மாற்றி மாற்றி வாயில் வைக்கிறாரா. அறை வாசலுக்கு மேலே அழைப்பு விளக்கு எரிகிறதென்றால் அது அணைய எவ்வளவு நேரம் ஆகிறது. கட்டிலில் படுத்திருப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா. மூக்கை நம்பாதீர்கள், வாசனை ஸ்பிரே எல்லா இடத்திலும் இருக்கிறது. அதைவிடக் காதைப் பாருங்கள்: முன்னாள் ராணுவத்தினருக்கு அதிகமாக அங்கீகரிக்கப்படும் குறைபாடுகளில் காது இரைச்சலும் காது கேளாமையும் முன்வரிசையில் இருக்கின்றன, பலருக்கும் வி.ஏ. கொடுத்த காதுக் கருவி இருக்கும். அது காதில் இருக்கிறதா, மேஜை இழுப்பறையில் பேட்டரி செத்துக் கிடக்கிறதா? காலையில் ஒருவருக்குக் காதுக் கருவி மாட்டிவிட நேரம் இருக்கிற இடத்தில் மற்ற வேலைகளுக்கும் ஓரளவு நேரம் இருக்கிறது என்று அர்த்தம். இதை எந்த நட்சத்திரமும் அளப்பதில்லை.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வியட்நாம் போரில் அமெரிக்கா பயன்படுத்திய ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியைத் தெளித்த இடங்களில் இருந்தவர்களுக்குப் பார்கின்சன் வந்தால் அது ராணுவப் பணியால் வந்ததாகவே வி.ஏ. 2010 முதல் எடுத்துக்கொள்கிறது. அதனால் ராணுவ இல்லங்களில் இந்த நோய்க்காரர்களைப் பார்ப்பது சாதாரணம். (இதில் பண விஷயமும் உண்டு: பணி சார்ந்த குறைபாடு 70 சதவீதமோ அதற்கு மேலோ என்று வி.ஏ. மதிப்பிட்டிருந்தால் நர்சிங் ஹோம் கவனிப்பைக் கொடுக்க அது கடமைப்பட்டிருக்கிறது. இடம் தேடும் முன்பே அந்த மதிப்பீட்டை முடித்துக்கொள்ளுங்கள்.) பார்கின்சனுக்கு முக்கிய மருந்து லெவோடோபா. அது நேரத்துக்குப் போக வேண்டும். அரை மணி, ஒரு மணி தள்ளினால் சிலருக்குக் கை கால் அப்படியே இறுகிவிடும், நடக்க எழுந்தால் விழுவார்கள், விழுங்க முடியாமல் சாப்பாடு நுரையீரலுக்குப் போகும். புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோடு கொடுத்தாலும் சரியாக வேலை செய்யாது. ஆனால் நர்சிங் ஹோமில் மருந்து வண்டி ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு நகர்ந்து வரும், குறித்த நேரத்துக்கு ஒரு மணி முன்னே பின்னே கொடுக்கலாம் என்பது நடைமுறை. ரத்த அழுத்த மாத்திரைக்கு அது பரவாயில்லை. லெவோடோபாவுக்கு அது ஆகாது.

அதனால் அந்த அம்மாவை எல்லா இடத்திலும் ஒரே கேள்வி கேட்கச் சொன்னேன்: "என் கணவருக்குக் காலை ஆறரைக்கு ஒரு மாத்திரை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். அதை யார் கொடுப்பார், வண்டி வருவதற்கு முன்பே கொடுக்க முடியுமா?" அட்மிஷன் பார்க்கிறவரிடம் அல்ல, தளத்து நர்ஸிடம். ஓர் இடத்தில் "நாங்கள் எல்லா மருந்தையும் நேரத்துக்குக் கொடுப்போம்" என்று வழவழவென்று பதில் வந்தது. இன்னோர் இடத்தில் ஒரு நர்ஸ், "எங்களிடம் அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு வண்டிக்குக் காத்திருப்பதில்லை, ராத்திரி ஷிப்ட் முடிவதற்குள் நானே தனியாகப் போய்க் கொடுத்துவிடுவேன்" என்றார். அந்த இடத்துக்கு நட்சத்திரம் மூன்றுதான்.

இன்னொரு மருந்துக் கேள்வி ராத்திரிக் கத்தலைப் பற்றியது. போர் அதிர்ச்சியும் மறதியும் ஒன்றுசேர்ந்தால், சாயங்காலம் ஆனதும் மனிதர் ஐம்பது வருடம் பின்னால் போய்விடுவார். ஆள் குறைவான இடத்தில் இதற்குச் சுலபமான வழி ஹாலோபெரிடால் மாதிரி ஒரு மருந்து. பார்கின்சன்காரருக்கு அது விஷம் மாதிரி, உடம்பை மேலும் இறுக்கிவிடும். பெயர் வேண்டாம், ஓர் இல்லத்தில் பார்கின்சன் நோயாளி ஒருவரின் பட்டியலில் "அமைதியின்மைக்குத் தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்று அதே மருந்தைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. இத்தகைய மனநோய் மருந்துகளைத் "தேவைப்பட்டால்" என்று எழுதினால் 14 நாளுக்கு மேல் ஓடக் கூடாது, நீட்டிக்க வேண்டுமென்றால் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கேர் கம்பேரில் இந்த மருந்து வாங்குகிறவர்களின் சதவீதம் போட்டிருப்பார்கள், பாருங்கள், ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) என்று நோய் எழுதியிருந்தால் அவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சில இல்லங்கள் எழுபது வயதுக்கு மேல் திடீரென்று பலருக்கு ஸ்கிசோஃப்ரினியா கண்டுபிடித்தன! 2023இலிருந்து இதைத் தணிக்கை செய்கிறார்கள்.

மருந்தில்லாமல் என்ன செய்வீர்கள் என்று ராத்திரி ஷிப்ட் எய்டிடம் கேட்டால் இடத்தின் தரம் தெரிந்துவிடும். தூக்கத்தில் இருக்கிற போர் வீரரைத் தோளைத் தொட்டு எழுப்பக் கூடாது, கால்மாட்டில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது. கதவு தெரிகிற மாதிரி கட்டிலைப் போட வேண்டும். ஜூலை 4 சுதந்திர தின வாண வேடிக்கைக்கு முன்னாலேயே ஏற்பாடு வேண்டும். இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு ஹைட்டி நாட்டுப் பெண் மளமளவென்று சொன்னார், பத்து வருடமாக அதே தளத்தில் ராத்திரி வேலை பார்க்கிறவர்.

கொடிக்கம்பத்தைக் கிண்டல் செய்துவிட்டேன், ஆனால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சாதாரண நர்சிங் ஹோமில் வாய் திறக்காதவர் ராணுவ இல்லத்தில் எதிர்க் கட்டில்காரரோடு படைப்பிரிவு எண்ணைச் சொல்லிச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். யாராவது இறந்தால் கொடி போர்த்தி, ஊழியர்களும் மற்றவர்களும் இருபுறமும் வரிசையாக நிற்க வெளியே கொண்டுபோவார்கள். பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் அனுப்புகிற இடங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். அது மரியாதை. கவனிப்பு வேறு கணக்கு, இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கடைசி ஆய்வு அறிக்கையை இல்லத்திலேயே கேட்டுப் படிக்கலாம், காட்ட மறுக்க முடியாது. ஒவ்வொரு குறைக்கும் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து இருக்கும். ஜி என்றால் ஒருவருக்கு உண்மையாகவே பாதிப்பு வந்திருக்கிறது, ஜே-யும் அதற்கு மேலும் என்றால் உயிருக்கே ஆபத்து. சேர்த்த பிறகும் உரிமைகள் உண்டு: மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும், குடும்பங்கள் சேர்ந்து குழு அமைத்தால் இல்லம் இடம் கொடுத்தாக வேண்டும், எதுவும் நடக்கவில்லையென்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் நர்சிங் ஹோம்வாசிகளுக்காக ஓம்பட்ஸ்மன் என்கிற குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது.

எதிர்வீட்டுப் பெரியவர் அந்த மூன்று நட்சத்திர இடத்தில்தான் இருக்கிறார். மாத்திரை பெரும்பாலும் நேரத்துக்குப் போகிறது, வார நாட்களில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வப்போது தள்ளிப்போகிறது. அந்த அம்மா குடும்பக் குழுவில் சேர்ந்துவிட்டார். வார இறுதி ஊழியர் எண்ணிக்கையைக் குடும்பங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்று போன கூட்டத்தில் கேட்டிருக்கிறார், பரிசீலிக்கிறோம் என்றிருக்கிறது நிர்வாகம். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் லிப்ட் பக்கத்து அட்டையைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்.